ஏழாவது ஆள்

வைரக்கண்ணு மாமா எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஆட்களை எண்ணுவார். கல்யாணப் பந்தி, ரேஷன் கடை வரிசை, சாவு வீடு, பஸ் நிறுத்தம், எதுவானாலும் சரி. உதடு லேசாக அசையும். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போகும். பதினொன்று வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் ஐம்பது பேர் இருந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. பதினொன்றுக்குக் குறைந்தால் மட்டும் உட்கார மாட்டார். யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பார்.

அவர் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். அவர் மனைவி தர்மாம்பாள் அத்தை என்னைவிட அதிக வருடம் பார்த்தவர். "கருமாதிக்கு வந்தவங்களையும் டீமுல சேத்துடுவீங்க போலிருக்கே" என்பார். கோபம் அதிகமாகும்போது, தன் கழுத்தில் கட்டியதை அந்தக் கோல் கம்பத்தில் கட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் என்பார். மாமாவுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு பேர் வேண்டும்.

நெடுவாய்க்கால் கீழ்வேளூரிலிருந்து தெற்கே இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று. எங்கள் தெரு கீழத்தெரு. எங்கள் தாத்தாக்கள் பண்ணை வேலை செய்தவர்கள். அப்பாக்கள் காலத்தில் ஆளுக்கு இரண்டு மா, மூன்று மா என்று நிலம் வந்தது. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். மாமாவுக்கு மூன்று மா இருந்தது.

அவர் வாலிபராக இருந்தபோது மேலத்தெருவில் ஒரு கால்பந்து அணி இருந்தது. எங்கள் தெரு ஆட்கள் வரப்புக்கு வெளியே நின்று, தப்பி வரும் பந்தை எடுத்துப் போடலாம். உள்ளே இறங்கக் கூடாது. யாரும் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் மாமா பந்தை எடுத்துத் திருப்பிப் போடாமல் நின்றார். அதற்காக அவர் வாங்கிய அடியின் தழும்பு புருவத்துக்கு மேலே கடைசி வரை இருந்தது. அடுத்த மாதமே அவரும் என் அப்பா அன்பரசனும் இன்னும் சிலரும் சேர்ந்து அறுப்புக் கூலியில் பந்து வாங்கினார்கள். உழைப்பாளர் கால்பந்துக் கழகம், நெடுவாய்க்கால் என்று பெயர் வைத்தார்கள். நான்கு வருடம் கழித்து மாவட்ட லீக்கில் மூன்றாம் டிவிஷனில் சேர்த்தார்கள். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. மேலத்தெரு அணி சீக்கிரமே கலைந்துபோனது. அவர்கள் வீட்டுப் பையன்கள் கிரிக்கெட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள்.

மைதானம் கிடையாது. மாமாவின் வயலும், அதை ஒட்டி ரெத்தினம் என்பவருக்கு இருந்த இரண்டு மா வயலும் சேர்ந்தால் ஓரளவு அளவு சரியாக வந்தது. எங்கள் பக்கம் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுக்கும்போது கீழே உளுந்து முளைத்திருக்கும். தண்ணீரே விடாமல் பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளைந்துவிடும். ஊரே பச்சையாக இருக்கும்போது மாமா வயலும் ரெத்தினம் வயலும் மட்டும் அறுத்த நெல்லின் வெறும் தாளோடு கிடக்கும். தை கடைசியில் மாமா மண்வெட்டியோடு போய் இரண்டு வயலுக்கும் நடுவில் இருக்கும் வரப்பை வெட்டிச் சமன் செய்வார். ஆடியில் தண்ணீர் வருவதற்கு முன்னால் அதே வரப்பை மறுபடியும் போடுவார். இருபத்தேழு வருடம் இப்படிச் செய்தார். ரெத்தினம் விட்டுக்கொடுத்த உளுந்துக்குப் பதிலாக, அவர் வயலுக்கு நாற்றுப் பறிக்கும் நாளில் மாமாவும் அத்தையும் கூலி வாங்காமல் இறங்குவார்கள்.

இவ்வளவும் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். அப்போது நான் கல்லூரியில் முதல் வருடம். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் என்பதால் யாரிடமும் எதையும் கேட்கலாம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவர் லீக் அட்டவணை அச்சடித்த தாளை எடுத்துக் காட்டினார். பதினோரு அணிகளில் ஒன்பதாவதாக எங்கள் அணி இருந்தது.

"இதுல நெடுவாய்க்கால்னு போட்டிருக்குல்ல, அது யாரு?"

"நம்ம டீம்."

"நம்ம தெரு. ஊர் பேரை நம்ம தெருவுக்குன்னு எழுதியிருக்கிற காகிதம் இது ஒண்ணுதான். வேற எங்கேயாவது இருந்தா கொண்டா பாப்பம்."

நான் யோசித்தேன். எங்கள் தெருவுக்கு எல்லாக் காகிதத்திலும் வேறு பெயர்தான். அன்றிலிருந்து கழகத்தின் எழுத்து வேலைகளை நான் செய்தேன். விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நிரப்பிக் கொடுப்பேன்.

சீருடைக்கும் ஒரு கதை இருந்தது. சுனாமி வந்த மறுநாள் எங்கள் அணி ஆட்கள் மண்வெட்டியோடு நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். ஆறு நாள் கரையில் பிணம் எடுத்தார்கள், குழி வெட்டினார்கள். திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் நிவாரணத் துணி மலையாகக் கிடந்தது. எங்கிருந்தெல்லாமோ வந்த பழந்துணி, யாரும் எடுக்காமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற ஒருவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு சாக்கில் பதினைந்து ஜெர்சி இருந்தது. நீலத்தில் குறுக்கே வெள்ளைப் பட்டை. நெஞ்சில் ஒரு முத்திரை, அதில் ஒரு படகும் ஒரு நெற்கதிரும். ஒன்றாம் எண் மட்டும் இல்லை. மாமாதான் கோல்கீப்பர். அவர் தன் பழைய சட்டையிலேயே நின்றார்.

அந்த முத்திரையில் இருந்த எழுத்து எந்த ஊருடையது என்று பன்னிரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. நான் போன் வாங்கியதும் மாமா முதலில் கேட்டது அதைத்தான். தேடினேன். பெனார்தா என்ற ஊரின் அணி. ஸ்பெயின் நாட்டில் கடலோரம், சுற்றிலும் நெல் வயல். மேலிருந்து எடுத்த படத்தில் அவர்கள் மைதானத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக வயலும் வாய்க்காலும் தெரிந்தன. மாமா போனை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "மைதானத்துக்குன்னு தனியா இடம் விட்டிருக்கான் பாரு" என்றார்.

அந்தக் கழகத்தின் வரலாற்றை யாரோ ஒருவர் வருடம் வருடமாக எழுதி வைத்திருந்தார். அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, நான் தமிழில் சொன்னேன். அரிசி ஆலைத் தொழிலாளிகள் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் மூன்று வருடம் ஆட்டம் இல்லை. "யாரு யாரோட சண்டை?" என்று கேட்டார். அவர்களுக்குள்ளேயேதான் என்றேன். "அப்ப நம்ம ஊர் மாதிரி" என்றார். போர் முடிந்து மறுபடி கூடியபோது பழைய ஆட்டக்காரர்களில் நான்கு பேர்தான் வந்தார்கள். கீழ் டிவிஷனிலேயே பல வருடம். ஒரே ஒரு வருடம் இரண்டாம் டிவிஷன். அப்புறம் ஒவ்வொரு படியாக இறக்கம். கடைசியில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் லீக்கிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். நான் தேடியபோது அந்த அணி இல்லாமல் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

மாமா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஆளில்லாம போச்சா, காசில்லாம போச்சா?"

"காசில்லாம."

"அப்ப பரவாயில்லை. கடைசி வரைக்கும் ஆள் இருந்திருக்கு."

இருந்தாலும் அந்தச் செய்தி அவரை அசைத்துவிட்டது. அதே ஊர்க்காரர்கள் வேறு பெயரில் புதிதாக ஒரு அணி தொடங்கியிருக்கிறார்கள் என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். பேரை வெட்டிவிட்டால் அது வேறு அணி என்றார். அதற்குப் பிறகு அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் அதுதான். பேர்வெட்டு.

ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். குவைத், சிங்கப்பூர், திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர். யாரையும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வராத வருடங்கள் அவை. பதினைந்து ஜெர்சியில் எட்டு, அத்தை மடித்த மடிப்பு கலையாமல் கிடந்தது. 2018-ஆம் வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டக்காரர்களில் ஒருவருக்கே திருத்துறைப்பூண்டியில் கல்யாணம். மற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். மாமாவையும் சேர்த்து மைதானத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஏழு பேராவது இறங்கினால்தான் ஆட்டம் தொடங்கும் என்பது விதி. எதிரணிக்கு வெற்றி என்று எழுதிவிட்டு நடுவர் போய்விட்டார். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி ஆனால் லீக்கிலிருந்து நீக்கம். அடுத்த ஆட்டம் இரண்டு வாரம் கழித்து.

அந்த இரண்டு வாரமும் மாமா வீடு வீடாகப் போனார். வருகிறேன் என்று உறுதியாகச் சொன்னவர்கள் எட்டு பேர். அவரும் அதில் ஒருவர், ஐம்பத்திரண்டு வயது. பிறகு ராம்கி என்ற பையன் நெல் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டான். ஏழு.

ஏழாவது ஆள் சதீஷ்.

சதீஷ் அண்ணன் நீலாம்பாள் சின்னம்மாவின் ஒரே மகன். சின்னம்மா என் அம்மாவுக்குத் தங்கை முறை. கணவர் இறந்தபோது பையனுக்கு மூன்று வயது. இரண்டு மா நிலத்தையும் நடவுக் கூலியையும் வைத்துக்கொண்டு அவனை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். அவன் இரண்டு வருடம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு, குவைத்துக்குப் போக ஊருக்கு வந்திருந்தான். சின்னம்மாவுக்கு அந்தப் பயணம்தான் எல்லாம். மகன் போய் இரண்டு வருடம் சம்பாதித்தால், முதுகு மடங்கி நாற்று நடுவதை நிறுத்திவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லீக்கில் ஆட, அந்த மாவட்டத்தில் வசிக்கிறவர் என்று காட்ட வேண்டும். அவன் ஆதாரில் திருப்பூர் முகவரி இருந்தது. பாஸ்போர்ட்டில்தான் எங்கள் தெரு முகவரி இருந்தது. அதனால் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிவு செய்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைதானத்தில் லீக் ஆட்கள் போடும் மேசையில் ஒரிஜினலைக் காட்ட வேண்டும் என்பதால் எல்லோருடைய ஒரிஜினலும் மாமாவிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை ஏஜெண்ட் கூப்பிட்டார். விசா அடிக்க ஒரு குழுவின் பாஸ்போர்ட்டுகள் சென்னைக்குப் போகின்றன. சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரிஜினல் திருத்துறைப்பூண்டிக்கு வர வேண்டும். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பாஸ்போர்ட் சனிக்கிழமை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் காட்ட ஒன்றும் இருக்காது. சதீஷ் ஊரில் இருந்தும் இறங்க முடியாது. ஆறு பேர். பேர்வெட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் சதீஷ் வயலுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக நானும் அங்கே இருந்தேன். ஆட்டக்காரர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். காலையில்தான் மாமா வீட்டில் பட்டியலுக்காக டின்னைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சரிபார்த்து உள்ளே வைத்திருந்தேன். கருநீல அட்டை, மேலாகவே இருந்தது.

"மாமா, பாஸ்போர்ட் வேணும். சனிக்கிழமை கேக்குறான்."

மாமா பயிற்சிக்காகக் கம்பத்தில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை திரும்பவில்லை.

"லீக் ஆபீசுல வாங்கி வச்சுட்டாங்கப்பா. போன ஆட்டம் நடக்கலைல்ல, எல்லாத்தையும் சரிபாக்கணுமாம். ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல தருவாங்க."

"நான் போய் வாங்கிக்கட்டா?"

"ஆபீஸ் பூட்டியிருக்கு. செகரட்டரி சென்னை போயிருக்காரு."

சதீஷ் என்னைப் பார்த்தான். எழுத்து வேலை செய்கிறவள் நான்தான். நான் பட்டியலைப் பார்த்தேன். அவன் அங்கேயே நின்று ஏஜெண்டைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலையில் தரட்டுமா என்று கேட்டான். பார்க்கிறேன் என்றாராம். "பாக்குறேன்னு சொல்லிட்டாரு மாமா" என்று சிரித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கிப் பந்தை உதைக்கத் தொடங்கினான்.

அன்று நான் வாயைத் திறக்காததற்கு இப்போது பல காரணம் சொல்லிக்கொள்கிறேன். மாமா பெரியவர். இரண்டு நாள்தானே. ஏஜெண்ட் பார்க்கிறேன் என்றாரே. இதில் எதுவும் அன்று என் மனதில் இருந்ததா என்று தெரியவில்லை. பட்டியலில் ஏழாவது பெயரை எழுதும்போது எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதுமட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெளியூர் மைதானத்தில் ஏழு பேர் பதினொரு பேரோடு ஆடினார்கள். அனல் வெயில். ஒன்பது கோல் வாங்கினோம். மாமாவுக்கு இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்துவிட்டது. சதீஷ் நடுவில் நின்று நான்கு பேர் வேலையைப் பார்த்தான். கடைசி விசில் ஊதியபோது எதிரணிக்காரர்களே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மேசையில் இருந்தவர் எங்கள் பெயருக்கு நேரே தோல்வி என்று எழுதினார். நீக்கம் என்று எழுதவில்லை. மாமா அந்தத் தாளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது வேனில், அப்போதுதான் மேசையிலிருந்து வாங்கியவர் போல, சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சதீஷிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சதீஷ் திருத்துறைப்பூண்டியில் இருந்தான். குழு போய்விட்டது. அவன் இடத்தில் வேறு பையன் போய்விட்டான். அடுத்த குழு ஆறு மாதம் கழித்து.

அவன் யார்மேலும் கோபப்படவில்லை. நீலாம்பாள் சின்னம்மாதான் மைதானத்தில் மேசை போட்டு உட்காரும் ஆட்களையெல்லாம் திட்டினார். ஆறு மாதம்தானே என்று மாமா அவருக்கு ஆறுதல் சொன்னார். அதை நான் கேட்டேன்.

ஆறு மாதம் முடிவதற்குள் கஜா புயல் வந்தது. கார்த்திகை பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, நள்ளிரவுக்குப் பிறகு. விடிந்தபோது எங்கள் தெருவில் கூரை இருந்த வீடு நான்குதான். மின்கம்பங்கள் எல்லாம் வயலில் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கம்பம் நட, கம்பி இழுக்க ஒப்பந்தக்காரர்கள் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். டிப்ளமோ படித்தவன் என்று சதீஷை மேலே ஏற்றினார்கள். புயல் அடித்துப் பன்னிரண்டாம் நாள், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஏறினான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டியிருக்கிறார்கள், கம்பத்திலிருந்து வரும் கம்பியைப் பிரிக்காமல். எந்த வீடு என்று கடைசி வரை தெரியவில்லை. கம்பத்திலேயே தொங்கினான். இறக்குவதற்கு ஆள் கூப்பிட்டபோது முதலில் ஓடியவர் மாமா.

குவைத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை என்று சாவு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அழுதார்கள். மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர் யாரையும் எண்ணவில்லை.

அடுத்த வருடம் லீக் தொடங்கும்போது அவர் விண்ணப்பம் வாங்கப் போகவில்லை. அந்த வருடமே பெயரை எடுத்துவிட்டார்கள். தையில் அவர் வரப்பை வெட்டவில்லை. ரெத்தினம் வந்து, உளுந்து போடட்டுமா என்று தயங்கிக் கேட்டாராம். போடுங்க என்றாராம் மாமா. தானும் விதைத்தார். இருபத்தேழு வருடம் ஓடி மிதித்த வயலில் அடிமண் இறுகிப்போயிருந்தது. உளுந்து அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது.

அதன் பிறகு அவர் நீலாம்பாள் சின்னம்மாவின் இரண்டு மா வயலைத் தன் வயலாகப் பார்த்தார். முதலில் அங்கே தண்ணீர் வைத்துவிட்டுத்தான் தன் வயலுக்குத் திருப்புவார். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருடங்களில், கிடைக்கிற கொஞ்சத் தண்ணீரும் அந்த வயலுக்கே போய்விடும். அத்தை வாய்விட்டுக் கேட்டார். மாமா, பிள்ளை இல்லாத வீடு என்று மட்டும் சொன்னார். சின்னம்மா கஞ்சி கொண்டு வந்து கொடுத்தால் வாங்க மாட்டார். கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று சின்னம்மா தெருவெல்லாம் சொன்னார்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் சதீஷின் திதி அன்று சின்னம்மா வயலுக்கு வருவார். கிழக்கே, லீக் ஆபீஸ் இருக்கும் நாகப்பட்டினத்துப் பக்கம் திரும்பி நிற்பார். வரப்பிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளுவார். முதல் வருடம் நான் பக்கத்தில் இருந்தேன். மாமா பத்தடி தூரத்தில் மடை வாயில் மண்வெட்டியோடு நின்றார்.

"எம் பிள்ளை பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வச்சவன் எவனோ, அவன் கை வெளங்காம போவ. அவன் வீட்டுல அடுப்பு எரியாம போவ." மண்ணை மூன்று முறை தூற்றினார். காற்று கிழக்கிலிருந்து அடித்தது. கொஞ்சம் எங்கள்மேலும் விழுந்தது.

"போதும்மா, நீலா. வா போகலாம்" என்றார் மாமா.

"நீங்க போய் ஒருக்கா கேட்டிருக்கலாம்ல அண்ணே, அந்த ஆபீசுல எவன் வச்சிருந்தான்னு."

"கேக்குறேன்."

ஐந்து வருடம் அவர் அப்படியே சொன்னார். கேட்கிறேன் என்று.

இரண்டாம் வருடம் நான் அவரிடம் பேசினேன். படிப்பு முடித்து, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். சொல்லிவிடுங்கள் மாமா என்றேன். அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பாசியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லணும். எத்தனையோ தடவை அவ வாசல் வரைக்கும் போயிட்டேன்."

"அப்புறம்?"

"சொன்னா அன்னைக்கோட என்னை வயல்ல கால் வைக்க விட மாட்டா. அப்புறம் அவளுக்குத் தண்ணி வைக்க யாரு இருக்கா?"

அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் அது எனக்குப் போதுமான பதிலாகத் தெரியவில்லை. சின்னம்மாவுக்காகச் சொல்லவில்லையா, தனக்காகச் சொல்லவில்லையா என்று கேட்க நினைத்தேன். அதே கேள்வி என் பக்கமும் திரும்பும் என்பதால் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் இன்னொன்றும் நடந்தது. கழகத்தின் பழைய காகிதங்களை ஒழித்துத் தரச் சொல்லி அந்த டின்னை என்னிடம் கொடுத்தார். அடியில் லீக் விதிப் புத்தகம் இருந்தது. ஆங்கிலம். ஐந்து வருடம் விண்ணப்பம் நிரப்பியும் நான் அதை முழுதாகப் படித்ததில்லை. தேவையான பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு விதி இருந்தது. ஆட்டக்காரரின் அசல் ஆவணம் வேறு அலுவலகத்தில் இருக்கும்போது, அதன் நகலும் கழகச் செயலாளரின் கையெழுத்திட்ட கடிதமும் போதும். ஒரு கடிதம். நான் பத்து நிமிடத்தில் எழுதியிருப்பேன். செயலாளர் மாமாதான், கையெழுத்துப் போட்டிருப்பார். சனிக்கிழமை பாஸ்போர்ட் திருத்துறைப்பூண்டிக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சதீஷ் ஆடியிருப்பான்.

ஜெராக்ஸ் போதுமா என்று ஒரு போன் செய்து கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் தெரு ஆட்கள் பட்டாவுக்கு இருபது வருடம் அலைந்தவர்கள். எந்த ஜன்னலுக்குப் போனாலும் ஒரிஜினல் எங்கே என்றுதான் முதல் கேள்வி. ஒரிஜினல் இல்லை என்றால் அடுத்த பேச்சே கிடையாது. அந்தப் பழக்கத்தில், ஒரிஜினல் என்றார்கள் என்றால் ஒரிஜினல்தான் என்று இருந்துவிட்டோம். மேலத்தெருவில் ஒருவர் செயலாளராக இருந்திருந்தால், முதல் நாளே போனை எடுத்து, என்ன சார், காப்பி கொடுத்தால் ஆகாதா என்று கேட்டிருப்பார்.

அந்த விதியை நான் மாமாவிடம் சொல்லவில்லை. புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அது அவர்மேல் இரக்கமா, என் படிப்பின் மேல் வெட்கமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. எங்கள் பக்கம் அது புதிதில்லை. எட்டு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை திருவாரூருக்குப் பஸ்ஸில் போய் வந்தார். கால் வீங்கியபோதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நீலாம்பாள் சின்னம்மாவின் மடைக்குப் போவார். இந்தத் தையில் அறுப்புக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விளைந்த பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அவர் படுக்கையை விட்டு எழவில்லை. ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, நீலாவை வரச் சொல் என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. ஓடினேன்.

சின்னம்மா சேற்றுக் காலோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அத்தை வெளியே போனார். நான் கதவருகில் நின்றேன். மாமா அவரை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"நீலா."

"சொல்லுங்கண்ணே."

மூச்சு இழுத்து விட்டார். மறுபடியும் இழுத்தார்.

"வயல்ல தண்ணி வடிஞ்சிருச்சா?"

"வடியுதுண்ணே. கீழ மடையை வெட்டி விட்டிருக்கேன். நீங்க வெசனப்படாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் விடியும்போது போய்விட்டார். சின்னம்மாதான் எல்லோரையும்விட அதிகம் அழுதார். தன் பிள்ளைக்கு அழுதது போலவே அழுதார். மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, நீ வைத்த தண்ணீரில்தானே நான் சோறு தின்றேன் என்று அழுதார். அந்த வாசலில் நான் இருந்தேன். எதுவும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சின்னம்மா ஒரு நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சதீஷின் டிப்ளமோ நோட்டு, பின்பக்கம் நிறையத் தாள் எழுதாமல் இருந்தது.

"நீ படிச்ச பொண்ணு. அந்த லீக் ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா. எம் பிள்ளை பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிருந்தவன் பேரு என்னன்னு கேட்டு. பேரு தெரியாம எத்தனை வருசந்தான் மண்ணைத் தூத்துறது? அண்ணன் கேட்டுச் சொல்றேன்னுச்சு. பாவம், அதுக்குள்ள போயிடுச்சு."

நோட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் எழுதித் தருகிறேன் என்றேன். மூன்று மாதம் ஆகிறது. வழியில் பார்க்கும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்கிறார். சின்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியிருக்கும் இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால்தான் உண்டு. மாமா சொல்லாமல் விட்டுப்போன அந்தப் பெயரை, சின்னம்மா வாசலில் நின்று சொல்ல வேண்டியது இப்போது நான். இன்னும் சொல்லவில்லை.